த்ரீ நாட் த்ரீ: கழற்றும் முன் படிக்க வேண்டிய துப்பாக்கி

என்.சி.சி. முகாமில் த்ரீ நாட் த்ரீ, அதாவது .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கியைக் கையில் கொடுத்ததும் புதுப் பிள்ளைகள் முதலில் செய்வது, தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் இரும்புத் தண்டான போல்ட்டை முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்பதுதான். அடுத்து, "சார், இதைக் கழற்றிப் பார்க்கலாமா?" என்று கேட்பார்கள். தாராளமாகக் கழற்றலாம். ஆனால் அது என்ன ரகம், எங்கே எந்த வருடம் செய்தது, உறுப்புகள் எல்லாம் அந்த ஒரே துப்பாக்கியைச் சேர்ந்தவைதானா என்பதை முதலில் படித்தாக வேண்டும். படிக்காமல் கை வைத்தால் திரும்பச் சேர்க்கும்போது மாறிப்போகும். மாறியது வெளியே தெரியவும் தெரியாது.

நான் ராணுவத்தில் இ.எம்.இ. என்கிற இயந்திரப் பழுது பார்க்கும் பிரிவில் ஆர்மரராக இருந்தவன். துப்பாக்கி பழுது பார்ப்பதுதான் வேலை. ஓய்வு பெற்றுத் திருமங்கலத்தில் குடியிருக்கிறேன். மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் முகாம் போட்டால் ஆயுத வகுப்புக்குக் கூப்பிடுவார்கள், போவேன். இத்தனை வருடத்தில் என் கைக்கு வந்த பழைய துப்பாக்கிகளில், சுட்டுத் தேய்ந்ததைவிட, தெரியாத கை ஸ்க்ரூட்ரைவர் போட்டுக் கெடுத்ததே அதிகம். எதுவரை கழற்றலாம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எந்தத் துப்பாக்கியைத் தொடலாம்

நம் நாட்டில் .303 ராணுவ ரகம். பொதுமக்களுக்கு அதற்கு லைசன்ஸ் கிடையாது. மதுரைப் பக்கம் நீங்கள் அதைத் தொடும் வாய்ப்பு என்.சி.சி.யில்தான். அங்கேயும் பெரும்பாலும் டி.பி. துப்பாக்கி, அதாவது டிரில் பழகுவதற்காகச் சுட முடியாதபடி ஆக்கிய துப்பாக்கி கிடைக்கும். பழைய .22 துப்பாக்கிகளில் சிலதும் இதே குடும்பம்தான். .303-இன் உடம்பை எடுத்து, ஒரு தோட்டா மட்டும் போடும்படி மாற்றியவை. தோட்டாக்களை அடுக்கும் மேகசின் பெட்டி வெளியே தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது.

வீடுகளில் லைசன்ஸோடு இருப்பது .315. இஷாப்பூர் தொழிற்சாலையில் .303-இன் அமைப்பையே வைத்து, பொதுமக்களுக்காகச் செய்த துப்பாக்கி அது. இந்தக் கட்டுரையில் போல்ட் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

ஒரு விஷயத்தில் பலர் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒருவர் கூப்பிட்டார். "அண்ணே, அப்பா இறந்து எட்டு மாசமாச்சு. அவர் துப்பாக்கி பீரோவிலயே இருக்கு. துரு பிடிச்சிருச்சு, வந்து பாத்துக் குடுங்க" என்றார். நான் துப்பாக்கியைத் தொடவே இல்லை. லைசன்ஸ் அப்பா பெயரில் இருந்தது. அவர் போனதும் அதை வீட்டில் வைத்திருக்க மகனுக்கு உரிமை இல்லை. காவல் நிலையத்திலோ லைசன்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும், பிறகு வாரிசு என்ற முறையில் தன் பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைக்கிறோம் அல்லவா, அதே மாதிரிதான், பயப்பட ஒன்றும் இல்லை. அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

டி.பி. துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக மாற்றலாமா என்று சில பிள்ளைகள் ஆர்வத்தில் கேட்பார்கள். கூடாது. அது குற்றம். அதோடு, உலோகம் தேய்ந்து தகுதி இழந்ததால்தான் பல துப்பாக்கிகளுக்கு டி.பி. முத்திரை குத்தியிருக்கிறார்கள். அந்த முத்திரை ஓர் எச்சரிக்கை.

காலியா என்று பார்ப்பது

டி.பி.யாக இருந்தாலும் இதைச் செய்ய வேண்டும். நாளைக்கு வேறு துப்பாக்கி கைக்கு வரும்போது கை தானாகச் செய்ய வேண்டும் என்பதற்காகத்தான்.

குழலின் வாய் யாரும் இல்லாத பக்கம், தரையை நோக்கியோ மண்மேட்டை நோக்கியோ இருக்கட்டும். விரல் ட்ரிகருக்கு வெளியே. ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையமான ட்ரிகர் கார்டுக்குள், ட்ரிகருக்கு முன்னால் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அதை மேல்நோக்கி அழுத்தினால் மேகசின் கீழே இறங்கும். அதைக் கழற்றித் தனியே வையுங்கள். சேஃப்டி கேட்ச் பின்னால் இருந்தால் முன்னால் தள்ளுங்கள். போல்ட் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் முழுதாக இழுங்கள். இப்போது குழலின் பின்கோடியில் தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பாருங்கள். பிறகு சுண்டு விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். 'கோட்' என்கிற இருட்டு ஆயுத அறையில், மங்கிய டியூப் லைட் வெளிச்சத்தில், கறுத்துப்போன ஒரு தோட்டாவின் அடிப்பாகம் கண்ணுக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது. செகந்திராபாத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த உஸ்தாத், விரலில் கரி ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொருவர் கையையும் திருப்பிப் பார்ப்பார். கரி இல்லாதவன் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும்.

படிக்க வேண்டிய இடங்கள்

துப்பாக்கியை மடியில் கிடத்தி, போல்ட் கைப்பிடி உங்களைப் பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பின்கட்டையும் இரும்பு உடம்பும் சேரும் இடத்தில், கைப்பிடிக்குக் கீழே, வளையம் மாதிரி ஓர் இரும்புப் பட்டை இருக்கும். துப்பாக்கியின் பிறப்புச் சான்றிதழ் அங்கேதான். எண்ணெய் பிசுக்கும் பழைய கறுப்புப் பெயின்ட்டும் மூடியிருந்தால் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். எழுத்து தெரியவில்லை என்று உப்புத்தாள் போடாதீர்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து தெரியும்.

மேலே ஒரு கிரீடம் இருக்கும். கிரீடத்துக்கு அடியில் இ.ஆர். என்றிருந்தால் ஏழாம் எட்வர்டு காலம், அதாவது 1901-க்கும் 1910-க்கும் நடுவில். ஜி.ஆர். என்றிருந்தால் ஜார்ஜ் மன்னர்கள் காலம். இஷாப்பூரில் செய்ததில் ஜி.ஆர்.ஐ. என்று மூன்றெழுத்து இருக்கும். அந்தக் கடைசி 'ஐ' பேரரசர் என்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் முதல் எழுத்து. கிரீடத்துக்குப் பதிலாக அசோகச் சிங்கங்கள் இருந்தால் சுதந்திரத்துக்குப் பிறகு செய்தது. அதில் ஆர்.எஃப்.ஐ. என்று இருக்கும், ரைஃபிள் ஃபேக்டரி இஷாப்பூர். கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஹூக்ளிக் கரையில் இருக்கிற ஊர் அது.

அதற்குக் கீழே தொழிற்சாலைப் பெயரும் வருடமும். என்ஃபீல்டு, பி.எஸ்.ஏ., எல்.எஸ்.ஏ. மூன்றும் இங்கிலாந்து. லித்கோ ஆஸ்திரேலியா. இஷாப்பூர் நம்முடையது. வருடத்துக்குக் கீழே ரகத்தின் பெயர் சுருக்கமாக இருக்கும். 'லீ' என்பது போல்ட்டையும் மேகசினையும் வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீயின் பெயர். 'என்ஃபீல்டு' என்பது அந்த ஊர் தொழிற்சாலையில் உருவான குழலின் உள்பள்ளத்துக்காகச் சேர்ந்தது. குழலுக்குள் பார்த்தால் 5 பள்ளங்கள் இடப்பக்கமாகச் சுழன்று போகும்.

ரோமன் எண் மூன்று இருந்தால் 1907-இல் வந்த மார்க் 3. பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் இருந்தால் முதல் உலகப் போரின் நடுவில் வேகமாகச் செய்வதற்காக எளிமையாக்கியது. எதை எளிமையாக்கினார்கள் என்று கையாலேயே பார்க்கலாம். மார்க் 3-இல் மேகசினுக்கு மேலே வலப்பக்கம் உள்ளேயும் வெளியேயும் நகரும் மெல்லிய தகடு ஒன்று உண்டு. அதை உள்ளே தள்ளினால் மேகசின் மூடிக்கொள்ளும், ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடலாம், மேகசினில் இருக்கும் 10 தோட்டாவும் அவசரத்துக்கு மிச்சம். நட்சத்திரம் போட்டதில் இந்தத் தகடும், முன்கட்டையின் இடப்பக்கம் வெகுதூரத்துக்குக் குறி பார்க்க இருந்த குறிவட்டும் இல்லை.

போன முகாமில் 1918 என்று குத்தியிருந்த ஒன்றைப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். சேடபட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன், "சார், பெருங்காமநல்லூர்ல சுட்டது இந்த மாதிரித் துப்பாக்கியா?" என்று கேட்டான். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி கைரேகைச் சட்டத்தை, அதாவது குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த ஜனங்கள்மேல் போலீஸ் சுட்ட ஊர். அவன் கேட்டது சரியான கேள்வி. அவனிடம் சொன்னேன்: "தம்பி, இந்த முத்திரை துப்பாக்கிக்குச் சொந்தக்காரன் யாருன்னு சொல்லும், யார் தோளில் இருந்துச்சு, யாரைப் பார்த்து நின்னுச்சுன்னு சொல்லாது. ஆனா கிரீடம் போட்ட ஒவ்வொரு துப்பாக்கியையும் தொடும்போது அதை நினைச்சுக்கறது நல்லது." அதே கிரீடம் போட்ட துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நம் பக்கத்து ஆட்கள் பர்மாக் காட்டிலும் ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும் சண்டை போட்டிருக்கிறார்கள். இரண்டும் இதே இரும்பின் கதைதான்.

மற்ற ரகங்களைத் தூரத்திலிருந்தே பிரிக்கலாம். மார்க் 3-இன் முனை மொண்ணையாக, கட்டையோடு சேர்ந்து முடியும். குழல் ஏறத்தாழ வெளியே தெரியாது. நம்பர் 4 என்கிற இரண்டாம் உலகப் போர்க் காலத்து ரகத்தில் குழல் விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், குறி பார்க்க உதவும் பின்குறி நடுவில் இல்லாமல் கண்ணுக்குப் பக்கத்தில் ஓட்டை வடிவில் இருக்கும். மார்க் 3 மாதிரியே இருந்து, மேகசின் மட்டும் அடியில் சாய்வு இல்லாமல் சதுரமாக, பெரிதாக இருந்தால் அது 2ஏ1. 1962 சீனப் போருக்குப் பிறகு 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்காக இஷாப்பூர் புதிதாகச் செய்தது. பின்குறியைப் பாருங்கள். .303-இல் 2000 கஜம் வரை எண் ஓடும், 2ஏ1-இல் 800 மீட்டரோடு நிற்கும். மேகசின் இருக்க வேண்டிய குழியை மரக்கட்டையால் அடைத்திருந்தால் அது .410 மஸ்கட். காவலுக்கு நிற்பவர்களுக்காகப் பழைய .303-ஐ ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியாக மாற்றியது. முன்கட்டையில் வரிசையாகச் செம்புக் கம்பி சுற்றியிருந்தால் கையெறி குண்டு வீசப் பயன்பட்டது. அதிர்ச்சியில் கட்டை பிளக்காமல் இருக்கச் செய்த கட்டு அது. அழகுக்காகச் சுற்றியதென்று நினைத்து ஒருவரும் அவிழ்த்துவிடாதீர்கள்.

கடைசியாக வரிசை எண். போல்ட் கைப்பிடியின் வேர்ப்பகுதியில், உடம்பின் முன்வளையத்தில், குழலின் தடித்த பாகத்தில், பின்குறித் தகட்டின் அடியில், முனையின் இரும்பு மூக்கில் என ஐந்து இடத்தில் தேடுங்கள். எல்லாம் ஒன்றாக இருந்தால் அது பிறந்தபடி இருக்கிறது. நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். போல்ட் எண்ணும் உடம்பு எண்ணும் வேறாக இருந்தால் உடனே ஆர்மரரிடம் சொல்லுங்கள். போல்ட்டின் பூட்டுக் காதுகள் அந்தந்த உடம்புக்கு ஏற்றபடி ஒப்பிட்டுத் தேய்த்துப் பொருத்தியவை. வேறு துப்பாக்கியின் போல்ட் உள்ளே போகும், மூடும், சரியாக இருப்பது போலவே இருக்கும். சுடும்போதுதான் அறையில் தோட்டாவுக்குப் பின்னால் இருக்கக் கூடாத இடைவெளி இருந்தது தெரியவரும்.

போல்ட்

ஒரு கிரவுண்ட் ஷீட்டோ பழைய வெள்ளை வேட்டியோ விரித்துக்கொள்ளுங்கள். வெள்ளையில்தான் சின்ன ஸ்ப்ரிங் விழுந்தால் தெரியும். கழற்றுவதை இடமிருந்து வலமாக வரிசையாக வையுங்கள், சேர்க்கும்போது வலக்கோடியிலிருந்து எடுக்கலாம். ஒரு விரிப்பில் ஒரு துப்பாக்கி மட்டும். முகாமில் நேரம் போதாது என்று மூன்று துப்பாக்கியை ஒரே ஷீட்டில் கழற்றினால், நான் மேலே சொன்ன எண் குழப்பம் அங்கேதான் ஆரம்பமாகும்.

மார்க் 3-இல் போல்ட்டைப் பின்னால் முழுதாக இழுத்துவிட்டு, அதன் தலையைப் பாருங்கள். தலையின் வலப்பக்கத்தில் ஒரு சின்ன வரம்பு, உடம்பின் வலது சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆள்காட்டி விரலால் அந்த வரம்பை அடியிலிருந்து மேல்நோக்கித் தூக்கினால் 'டக்'கென்று விடுபடும். இப்போது போல்ட்டை நேராகப் பின்னால் உருவலாம். வரவில்லை என்றால் இன்னும் முழுதாகப் பின்னால் இழுக்கவில்லை என்று அர்த்தம். சுத்தியல், ஸ்க்ரூட்ரைவர் எதுவும் வேண்டாம். நம்பர் 4-இல் முதலில் பின்குறியை நிமிர்த்த வேண்டும், வலப்பக்கம் இருக்கும் சின்னப் பூட்டை அமுக்கிக்கொண்டு தலையைத் தூக்க வேண்டும். அது ஒன்றுதான் வித்தியாசம்.

கையில் வந்த போல்ட்டை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். முன்னால் இருப்பது போல்ட் ஹெட். அதன் வலப்பக்கம் கொக்கி மாதிரி இருப்பது எக்ஸ்ட்ராக்டர், வெடித்த கூட்டின் விளிம்பைக் கவ்வி வெளியே இழுப்பது. நீளமான உடம்பில் ஒரு வரம்பும், எதிர்ப்பக்கம் ஒரு காதும் இருக்கும். குழலுக்குள் வெடிக்கும்போது பின்னால் தள்ளும் வேகத்தைத் தாங்குவது இந்த இரண்டும்தான். பல நாட்டுத் துப்பாக்கிகளில் பூட்டுக் காது போல்ட்டின் முன்முனையில் இருக்கும், இதில் பின்பக்கம். அதனால்தான் இந்தப் போல்ட் இவ்வளவு குறைந்த தூரம் போய்வருகிறது, இவ்வளவு வேகமாக ஓடுகிறது. பின்கோடியில் இருப்பது காக்கிங் பீஸ். போல்ட்டை முன்னால் தள்ளி மூடும்போதுதான் இது பின்தங்கி ஸ்ப்ரிங்கை இழுத்து நிறுத்தும்.

போல்ட் ஹெட்டைக் கடிகாரம் ஓடுவதற்கு எதிர்த்திசையில் கையாலேயே திருகிக் கழற்றலாம். கழற்றும்போது எத்தனை சுற்று என்று வாய்விட்டு எண்ணுங்கள். மரையைத் துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அதே எண்ணிக்கைக்குத் திரும்பத் திருகுங்கள். முழுதாக உள்ளே போய் உட்கார்ந்த நிலையில் தலையின் வரம்பும் போல்ட் உடம்பின் வரம்பும் ஒரே கோட்டில் வர வேண்டும். ஒரு சுற்று குறைவாக நிறுத்தினாலும் பார்க்க ஒரே கோட்டில்தான் இருக்கும், புதியவர்கள் ஏமாறுவது அங்கேதான். அப்படி விட்டால் வெடிப்பின் அழுத்தத்தைப் போல்ட்டின் முகம் தாங்காமல் மரை தாங்க வேண்டி வரும். அது அதற்காகச் செய்த மரை இல்லை.

இதோடு போல்ட்டில் கையை எடுத்துவிடுங்கள். எக்ஸ்ட்ராக்டர் ஸ்க்ரூவும், உள்ளே இருக்கும் ஊசியும் ஸ்ப்ரிங்கும் ஆர்மரர் வேலை. ஊசியைக் கழற்றத் தனிக் கருவி உண்டு. கட்டிங் பிளேயரால் முயன்று ஊசியின் முனையை வளைத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சங்கடம் எல்லோருக்கும் வரும். போல்ட் கையில் இருக்கும்போது காக்கிங் பீஸ் தெரியாமல் திரும்பி, 'சட்'டென்று முன்னால் பாய்ந்துவிடும். அப்புறம் போல்ட் உள்ளே போகவே போகாது. பயப்படாதீர்கள், ஒன்றும் உடையவில்லை. காக்கிங் பீஸின் கீழ்மூக்கை மரமேசையின் விளிம்பில் மாட்டி அழுத்திப் பிடித்துக்கொண்டு, போல்ட் கைப்பிடியைத் திருப்புங்கள். மூக்கு தன் பழைய மேட்டில் ஏறி உட்காரும். விரல் நடுவில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேகசினும் பட்டும்

மேகசினில் சொல்ல அதிகம் இல்லை. உள்ளே தோட்டாவைத் தூக்கும் தகட்டின் பின்பக்கத்தை அழுத்தினால் முன்பக்கம் உதடுகளிலிருந்து விடுபட்டு மேலே வரும், ஸ்ப்ரிங்கோடு வெளியே எடுக்கலாம். உள்ளே மண்ணும் எட்டுக்கால் பூச்சிக் கூடும் இருக்கும். துடைத்து, லேசாக எண்ணெய் காட்டி, திரும்பப் போடுங்கள். உதடுகளைப் பிளேயரால் நிமிர்த்தவோ வளைக்கவோ வேண்டாம்.

பட், அதாவது பின்கட்டையின் பித்தளைத் தகட்டில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் திறந்தால் எண்ணெய்க் குப்பியும், சுருட்டி வைத்த, குழல் துடைக்கும் புல்த்ரு கயிறும் இருக்க வேண்டும். நம் ஊர் டி.பி. துப்பாக்கிகளில் பெரும்பாலும் சாக்லேட் காகிதம்தான் இருக்கும், அதையும் எடுத்துப் போடுங்கள்.

அந்தப் பொந்துக்குள் ஆழத்தில், ஒரு தக்கைக்குப் பின்னால், நீளமான ஒரு திருகாணியின் தலை தெரியும். அதையும் போல்ட் என்றுதான் சொல்வோம், முன்னால் சொன்ன போல்ட் வேறு. பின்கட்டையை இரும்பு உடம்போடு பிடித்திருப்பது இந்தத் திருகாணிதான். பட் லேசாக ஆடினால் எல்லோருக்கும் தோன்றுவது நீளமான ஸ்க்ரூட்ரைவரை உள்ளே விட்டு இறுக்கலாம் என்பதுதான். மார்க் 3-இல் அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். அந்தப் போல்ட்டின் மறுமுனை சதுரமானது. அது உடம்பைத் தாண்டி வந்து, முன்கட்டையின் பின்கோடியில் பதித்த ஒரு தகட்டுக்குள் செருகி நிற்கும். தானாகக் கழலாமல் இருக்க அந்த ஏற்பாடு. முன்கட்டை இருக்கும்போது இந்தப் பக்கம் திருப்பினால், அந்தப் பக்கம் சதுர முனை தகட்டைத் திருகி, கட்டையைப் பிளந்துவிடும்.

ஒரு கல்லூரியிலிருந்து அப்படி ஒன்று என்னிடம் வந்தது. அணிவகுப்புக்கு முந்தின நாள் பட் ஆடுகிறது என்று யாரோ ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு இறுக்கியிருக்கிறார்கள். பட் ஆடுவது நின்றுவிட்டது. முன்கட்டையின் பின்பக்கம், ட்ரிகருக்கு மேலே, நூல் மாதிரி ஒரு விரிசல். நகத்தை வைத்துத் தடவினால்தான் தெரிந்தது. மூன்று மாதத்தில் அது விரல் நீளத்துக்கு ஓடியது. 1942-இல் செய்த கட்டை, வால்நட் மரம், அதுவரை ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. முன்கட்டையை முதலில் இறக்கிவிட்டுத்தான் அந்தப் போல்ட்டைத் தொட வேண்டும், முன்கட்டையை இறக்குவது பயிற்சி பெற்ற கையின் வேலை.

ஏன் பயிற்சி வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்கட்டை வெறும் உறை இல்லை. சுடும்போது பின்னால் தள்ளும் விசை, ட்ரிகர் பக்கத்தில் இரண்டு சின்ன மர முகப்புகள் மேல்தான் இறங்குகிறது. நோஸ் கேப், அதாவது முனையின் இரும்பு மூக்குப் பக்கத்திலிருந்து இழுத்துக் கட்டையைப் பிரித்தால் அந்த முகப்புகள் சில்லுச் சில்லாகப் பெயரும். குறி தவறும், நாளடைவில் கட்டை பிளக்கும். குழலை மேல்பக்கம் மூடும் மரமான ஹேண்ட்கார்டும் அப்படித்தான். பின்பக்கத்துத் துண்டு வெறும் ஸ்ப்ரிங் கவ்விகளால் குழலைப் பிடித்திருக்கும், பார்க்க எளிதாக இருக்கும். அதன் இரண்டு காதுகளும் அப்பளம் மாதிரி உடையக்கூடியவை. புதியவர்கள் வெளியிலிருந்து துடைத்தால் போதும்.

ஸ்க்ரூ எதையாவது தொட்டே ஆக வேண்டும் என்றால், கடையில் வாங்கும் ஸ்க்ரூட்ரைவரின் முனை ஆப்பு மாதிரி சரிந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அது பழைய ஸ்க்ரூவின் பள்ளத்தில் அடிவரை இறங்காமல் வாயைச் சிதைக்கும். லேத் பட்டறையில் கொடுத்து, முனையின் இரண்டு பக்கமும் இணையாக, பள்ளத்தின் அகலத்துக்குச் சரியாக அரைத்து வாங்கிக்கொள்ளுங்கள். தொலைந்த ஸ்க்ரூவுக்குப் பதிலாக ஹார்டுவேர் கடை ஸ்க்ரூவை முடுக்காதீர்கள். மரை ஒத்துப்போகாது, உடம்பில் இருக்கும் மரையும் போய்விடும்.

துடைப்பது

குழலைத் துடைக்கப் புல்த்ருவின் பித்தளைக் குண்டை அறைப் பக்கமிருந்து உள்ளே விட்டு, வாய்ப் பக்கமாக இழுக்க வேண்டும். இழுக்கும்போது கயிறு வாயின் விளிம்பில் உரசாமல் நேராக இருக்கட்டும். ஒரே பக்கம் உரசி உரசி, இரும்பு விளிம்பில் கயிறு அளவுக்குப் பள்ளம் விழுந்த துப்பாக்கிகள் உண்டு. ராட்டினம் இல்லாத கிணற்றின் கல்லில் கயிறு தடம் போடுமே, அதே மாதிரி. கயிற்றின் கடைசிக் கண்ணியில் சிந்தி என்கிற சின்னத் துணித்துண்டை மாட்டி, முதலில் உலர்ந்த துணி, பிறகு எண்ணெய்த் துணி.

பழைய .303 தோட்டாக்களின் அடியில், ஊசி அடித்ததும் பற்றும் கேப் என்கிற சின்ன மூடியில் இருந்த ரசாயனம் வெடித்த பிறகு ஒரு வகை உப்பாகக் குழலில் படியும். அது காற்றின் ஈரத்தை இழுத்து ஒரு ராத்திரியில் துருவாக்கும். எண்ணெய்க்கு உப்பு கரையாது, தண்ணீருக்குத்தான் கரையும். அதனால்தான் அந்தக் காலத்துச் சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் குழலில் கொதிக்கும் தண்ணீரைப் புனல் வைத்து ஊற்றினார்கள். சூட்டிலேயே குழல் உலர்ந்துவிடும், பிறகு எண்ணெய். பழைய துப்பாக்கியின் உட்புறம் புள்ளிப் புள்ளியாக அரித்திருந்தால், என்றோ ஒரு நாள் யாரோ தண்ணீர் ஊற்ற மறந்திருக்கிறார்கள்.

எண்ணெய் என்றால் தையல் மெஷின் எண்ணெய் போன்ற மெல்லிய கனிம எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஆறு மாதத்தில் பிசினாகி, போல்ட் ஓடாது. மரத்துக்குப் பெயிண்ட் கடையில் கிடைக்கும் லின்சீடு ஆயில், காய்ச்சாததாகக் கேட்டு வாங்கி, உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு, கை சூடாகும்வரை தேயுங்கள். வார்னிஷ் வேண்டாம். சித்திரை வெயிலில் நம் ஊர் மரம் எப்படிக் காயும் என்று தெரியும் அல்லவா? அதற்கு முன்னால் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை தேய்த்தால் போதும்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாளை மறக்காதீர்கள். சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சைப் பழம் அறுத்துக் கும்பிடுவது நம் வழக்கம், நானும் செய்கிறேன். ஆனால் ஈரச் சந்தனம் காய்ந்து ஒட்டிய இடத்தில் ஒரே வாரத்தில் துருப் பொட்டு விழும், எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் கருப்பூச்சு வெளுக்கும். ட்ரிகர் கார்டிலும் மேகசின் பக்கத்திலும் வட்டமாகத் துரு இருந்தால் அது பெரும்பாலும் சந்தனப் பொட்டின் தடம். இரும்பில் வைக்காமல் பட்டின் மரத்தில் வையுங்கள், மறுநாள் காலை துடைத்து எண்ணெய் காட்டிவிடுங்கள்.

திரும்பச் சேர்ப்பது

வலக்கோடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். போல்ட் ஹெட்டைச் சுற்று எண்ணித் திருகி, உட்கார்ந்ததை உறுதி செய்துகொண்டு, தலையைச் சற்றே திருப்பிய நிலையில் போல்ட்டை உடம்புக்குள் நேராக விடுங்கள். முழுதாகப் பின்னால் இருக்கும்போதே தலையின் வரம்பைக் கீழே அழுத்தினால் வலது சட்டத்தில் 'டக்'கென்று அமரும். அந்தச் சத்தம் கேட்காமல் முன்னால் தள்ளாதீர்கள். பிறகு இரண்டு மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். எங்காவது இடித்தால் பலம் போடாமல் வெளியே எடுத்து மறுபடி பாருங்கள். குழலைப் பாதுகாப்பான பக்கம் நீட்டி, ட்ரிகரை ஒரு தடவை அழுத்தி ஸ்ப்ரிங்கைத் தளர்த்திவிட்டு, மேகசினைக் கடைசியாக மாட்டுங்கள், முன்பக்கம் முதலில், பின்பக்கம் 'க்ளிக்'.

கோட்டில் திருப்பிக் கொடுக்கும்போது இருவராகப் போங்கள். ஒருவர் உடம்பின் எண்ணைச் சத்தமாகப் படிக்கட்டும், இன்னொருவர் போல்ட்டின் எண்ணைப் படிக்கட்டும். இரண்டும் ஒன்றாக ஒலித்தால் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த துப்பாக்கியை எடுங்கள்.